கிழித்த கதைகளும் கிழிக்காத கதையும்

எனக்கு முதன்முதலாகக் குமட்டிக்கொண்டு வந்தது ஒரு கதைப் புத்தகத்தைப் படித்தபோதுதான். மீன் கழுவிய தண்ணீரில் புரண்டு வளர்ந்தவள் நான். அழுகிய இறால், கருவாட்டுப் புழு, படகின் அடியில் தேங்கிக் கிடக்கும் தண்ணீர், எதற்கும் மூக்கைப் பிடித்துப் பழக்கமில்லை. அந்தப் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் அடிவயிற்றிலிருந்து புரட்டும்.

பழவேற்காட்டில் நான் படித்த பள்ளிக்கூடத்தில், தலைமை ஆசிரியர் அறையில் இருந்த கண்ணாடி அலமாரிக்குள் அது இருந்தது. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். எழுதியவர் பெயரைச் சொல்ல மாட்டேன். செத்துப்போனவரைத் திட்டக் கூடாது என்பார்கள், நான் திட்ட ஆரம்பித்தால் நிறுத்தவும் மாட்டேன்.

அதில் மூன்று பெரிய கதைகள். முதல் கதையில் ஒரு மீன்காரி அரண்மனைக் கல்யாணத்துக்குக் கூப்பிடாமலே போய்விடுகிறாள். அவள் உள்ளே நுழைந்ததும் ராணி மயங்கி விழுகிறாள், யானை தும்முகிறது, சமையல்காரர்கள் ஓட்டமெடுக்கிறார்கள். ராஜா அவளைப் பிடித்து அண்டா அண்டாவாகப் பன்னீர் ஊற்றிக் குளிப்பாட்டச் சொல்கிறார். எவ்வளவு ஊற்றியும் நாற்றம் போகவில்லை. அது பிறவி நாற்றம் என்று மந்திரி சொல்கிறார், சபையே சிரிக்கிறது, கதை முடிகிறது. இரண்டாவது கதையில் தொப்பியும் தாடியும் வைத்த துறைமுக வியாபாரி ஒருவன் கடல் தண்ணீரைக் குப்பியில் அடைத்து, அத்தர் என்று சொல்லி ஏழைகளிடம் விற்கிறான். மூன்றாவது கதை ஓர் இருளனைப் பற்றியது. பண்ணையார் ஒருவர் இரக்கப்பட்டு அவனை வீட்டுக்குள் சேர்த்துச் சோறு போடுகிறார். அவன் நெல்லைத் திருடிக்கொண்டு, பல்லில் ஓர் எலியையும் கவ்விக்கொண்டு வளைக்குள் ஓடிவிடுகிறான். கடைசி வரி இது: இருளனை அரியணையில் உட்கார வைத்தாலும் அவன் எலி வளையைத்தான் தேடுவான். பக்கத்திலேயே படம். நாலு காலில் தவழும் கறுப்பு மனிதன், பல்லில் எலி, பிதுங்கும் கண்.

இதைக் குழந்தைகளுக்கென்று எழுதி, குழந்தைகளுக்கென்று படம் வரைந்து, நல்ல தாளில் அச்சடித்திருந்தார்கள். கருமம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே ஏழாவது படித்தேன். கடலோரக் குப்பத்திலிருந்து படகில் ஏரித் தண்ணீரைத் தாண்டி வரும் பிள்ளைகள் நாங்கள். வாசிப்பு வகுப்பு வந்தால் மீன்காரி கதையை என் கையில்தான் கொடுப்பார் அன்றைய வாத்தியார். உனக்குத்தான் இது பொருத்தமாக வரும் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வார். யானை தும்முகிற இடம் வந்ததும் டவுன் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து தும்முவார்கள். ஒரு நாள் பாதியில் புத்தகத்தை மூடி அவர் மேஜைமேல் வைத்துவிட்டு, "அந்த மந்திரி மீனே துண்ணமாட்டானா சார்?" என்று கேட்டேன். கெண்டைக்காலில் பிரம்பு விழுந்தது. வீட்டுக்குப் போய் நைனாவிடம் சொன்னேன். படிக்கப்போன இடத்தில் வாயை அடக்கு என்று சொன்னார், அவ்வளவுதான்.

வாயை அடக்க நான் கற்றுக்கொள்ளவே இல்லை. பயிற்சி முடித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் அதே பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகத் திரும்பி வந்தேன். வந்த அன்றைக்கே அலமாரியைப் பார்த்தேன். மற்றப் புத்தகங்களைக் கரையான் தின்றிருந்தது. இதை மட்டும் அதுகூடத் தொடவில்லை.

புதிய தலைமை ஆசிரியர் பொன்னேரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர், பஸ்ஸில் வந்து போகிறவர். கை நீட்டாதவர், பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு ஒழுங்காகப் போகிறதா என்று தானே நின்று பார்ப்பவர். அதையெல்லாம் நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சாயங்கால பஸ்ஸில் எங்கள் பெண்கள் மீன் கூடையோடு ஏறினால் கைக்குட்டை மூக்குக்குப் போய்விடும். கண்டக்டர் அவர்களைப் பின்னால் தள்ளித் தள்ளிப் படிக்கட்டுவரை கொண்டுபோய் நிறுத்துவான், இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். மறுநாள் அதே பெண்களிடம் வாங்கிய கொடுவா மீன் குழம்பை டிபன் கேரியரில் கொண்டுவந்து, விரல் சூப்பிச் சாப்பிடுவார். பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் புத்தகம் அவருக்குச் செல்லம். வாசிப்பு வகுப்பு வந்தால் அலமாரியிலிருந்து எடுத்து என் ஐந்தாம் வகுப்புக்கு அவரே அனுப்பிவிடுவார். சின்ன வயதில் அவர் அம்மா அதை மடியில் வைத்துப் படித்துக் காட்டினாளாம். எடுத்துவிடுங்கள் சார் என்று நான் எத்தனையோ தரம் கேட்டேன். பழைய காலத்துப் புத்தகம், அந்தக் காலத்து மனிதர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்றார். அந்தக் காலத்துப் புத்தகத்தை இந்தக் காலத்துப் பிள்ளை கையில் ஏன் கொடுக்கிறீர்கள் என்றேன். தமிழ்நடை எவ்வளவு சுத்தம் பாருங்கள் என்றார். நடை சுத்தம், நெஞ்சு சாக்கடை என்றேன். இன்றைக்கு இதை எடுத்தால் நாளைக்கு ஆளாளுக்கு ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், கடைசியில் அலமாரிதான் மிஞ்சும் என்றார். அது மட்டும்தான் அவர் சொன்னதில் கொஞ்சம் யோசிக்க வைத்த பேச்சு. யோசித்துப் பார்த்தேன். பெரியவர்கள் படிப்பதற்கு எங்கேயாவது இருந்துவிட்டுப் போகட்டும், ஐந்தாம் வகுப்பு வாசிப்புக்கு எதற்கு என்றுதான் தோன்றியது.

"நானும் இதைப் படிச்சுத்தான் டீச்சர் வளந்தேன். நான் என்ன கெட்டா போயிட்டேன்?" என்று கேட்டார்.

அவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த கைக்குட்டையைப் பார்த்தேன். அவருக்குப் புரியவில்லை.

அந்த வருஷம் என் ஐந்தாம் வகுப்பில் ஓர் இருளர் பெண் இருந்தாள். அவர்கள் ஆட்களில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் வந்தவள் அவள் ஒருத்திதான். அவள் அம்மா ஏரித் தண்ணீரில் கழுத்து நனைய உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பாள். இரண்டு கையும் தண்ணீருக்குள் வேலையாக இருக்கும். அதனால் பிடித்ததைப் போட்டு வைக்கும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வாள். மார்கழிக் குளிரிலும் அப்படியேதான் உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூடம் நின்றுபோனால் மகளுக்கும் அதே தண்ணீர், அதே பறி. லீவு நாட்களில் இறங்கியே அவள் விரலெல்லாம் கிளிஞ்சல் கிழித்த கோடுகள்.

"எட்டாவது பாஸ் பண்ணா தண்ணில உக்கார வேணாம்னு சொன்னீங்களே, நெசமா டீச்சர்?" என்று அவள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள். நிசம்தான் என்று சொல்வேன். எனக்குத் தெரிந்த வரைக்கும் அது நிசம்.

வாசிப்பில் அந்த வகுப்பிலேயே அவள்தான் கெட்டிக்காரி. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவாள், ஏற்ற வேண்டிய இடத்தில் குரலை ஏற்றுவாள். அது பொறுக்குமா பையன்களுக்கு? அவள் உள்ளே வந்தால் போதும், புத்தகப்பையைப் பல்லில் கடித்துக்கொண்டு பெஞ்சுக்கடியில் தவழ்வார்கள். மூன்றாவது கதையின் படத்தைப் பார்த்துக் கற்ற வித்தை. தவழ்ந்தவர்கள் டவுன் பிள்ளைகள் இல்லை. எங்கள் குப்பத்துப் பிள்ளைகள். மீன்காரி கதைக்கு டவுன் பிள்ளைகள் தும்மினால் அழுதுகொண்டு என்னிடம் ஓடிவருகிற அதே பிள்ளைகள். காதைத் திருகினேன், வெளியே நிற்கவைத்தேன், அடுத்த நாளும் தவழ்ந்தார்கள். சின்னப் பிள்ளைகள்மேல் அருவருப்புப் படக் கூடாது என்பார்கள். நான் பட்டேன்.

ஆண்டு விழா வந்தது. மீன்காரி கதையை நாடகமாகப் போடலாம் என்று தலைமை ஆசிரியர் முடிவு செய்தார். மீன்காரி வேஷத்துக்கு எங்கள் குப்பத்துப் பெண் ஒருத்தியைப் பிடித்தார். தத்ரூபமாக இருக்க வேண்டும், உன் அம்மாவின் கூடையைக் கழுவாமல் அப்படியே எடுத்துக்கொண்டு வா என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். பெண் போய்க் கூடையைக் கேட்டாள். எதற்கு என்று அம்மா கேட்டாள். கதை முழுவதும் அம்மாவுக்குத் தெரிந்தது அப்போதுதான். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நேராக ஊர்க்கூட்டம் நடக்கும் இடத்துக்குப் போய், பெரியதனக்காரர் காலடியில் அதைக் கவிழ்த்தாள். எங்கள் ஊரில் அவர் சொன்னதுதான் சட்டம்.

அன்றைக்கே ஊர் கட்டுப்பாடு போட்டது. அந்தப் புத்தகம் பள்ளிக்கூடத்தில் இருக்கிற வரைக்கும் எங்கள் குப்பத்துப் பிள்ளை ஒன்றுகூடத் தண்ணீரைத் தாண்டக் கூடாது. எனக்குள் ஒரே கொண்டாட்டம். பத்து வருஷமாக வயிற்றைப் புரட்டிக்கொண்டிருந்தது ஒருவழியாக வெளியே வரப்போகிறது என்று நினைத்தேன்.

சமாதானம் பேசப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் கூடினார்கள். தலைமை ஆசிரியர், எங்கள் பெரியதனக்காரர், அவரோடு என் நைனா உட்பட ஊரில் பங்குள்ள ஆண்கள், பெற்றோர் சங்கத்துக்குத் தலைவரான ஒரு பாய். பாய் பழைய வியாபாரக் குடும்பம், பெரிய மனிதர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். கதைதானே, சின்னப் பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போகட்டும், இதற்குப்போய்ப் படிப்பைக் கெடுப்பார்களா என்று மெதுவாக ஆரம்பித்தார். நான் புத்தகத்தில் இரண்டாவது கதையைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் படிக்கப் படிக்கத் தாடிக்குள் தாடை இறுகியது. அத்தர் குப்பி வரும் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது.

"இது எத்தினி வருசமா இங்க கீது?" என்று கேட்டார். சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

அதற்கப்புறம் பேச்சு வேகமாக நடந்தது. தலைமை ஆசிரியர் இறங்கி வந்தார். முழுப் புத்தகத்தையும் எடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது, வேண்டுமானால் யாருக்கு எது மனசைப் புண்படுத்துகிறதோ அந்தக் கதையை மட்டும் நீக்கிவிடலாம் என்றார். பாய் சம்மதித்தார். பெரியதனக்காரரும் தலையாட்டினார். நான் எழுந்தேன். மூன்றாவது கதையும் போக வேண்டும், என் வகுப்பில் ஓர் இருளர் பெண் இருக்கிறாள், அந்தக் கதையால் அவள் பள்ளிக்கூடத்தை விட்டே நின்றுவிடுவாள் என்று சொன்னேன்.

எங்கள் ஊர் வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஏரியில் வலை கட்டுகிற நல்ல இடங்களைப் பாடு என்போம். பங்குள்ள குடும்பங்கள் சீட்டுப் போட்டு, முறை வைத்து, அங்கே பிடிப்பார்கள். இன்றைக்கு உன் முறை என்றால் அது உன் தண்ணீர். நான் அந்தப் பக்கம் படகைத் திருப்பக் கூடாது. உன் வலையைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை பேசக் கூடாது. இந்த ஒழுங்கு இருந்ததால்தான் எங்கள் ஊரில் வெட்டுக்குத்து இல்லை, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் பங்கில்லாதவனுக்கு முறை இல்லை, கூட்டத்தில் உட்கார இடமில்லை, பேச வாயுமில்லை. இருளருக்குப் பங்கு கிடையாது. ஓரத் தண்ணீரில் கையால் துழாவிக்கொள்ளலாம், அதுவும் ஊர் விட்டால்.

தண்ணீருக்குப் போட்ட அந்தச் சட்டத்தை எங்கள் பெரியதனக்காரர் புத்தகத்துக்கும் போட்டார்.

"நம்ம கதைய நம்ம கேட்டோம். பாய் கதைய பாய் கேட்டாரு. மூணாவது அவங்குளுது. அதுல நம்ம பூந்து பேசக்கூடாது, அவங்க வந்து கேக்கட்டும்," என்றார்.

அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. நியாயம் பேசுவதாகவே நினைத்தார். அடுத்தவர் பாடு இருக்கும் பக்கம் படகைத் திருப்பாத நேர்மை அவருக்கு. எனக்கு அந்த நேர்மைதான் அருவருப்பாக இருந்தது. வந்து கேட்கவே கூடாது என்று வைத்திருக்கிற சனத்தை, வந்து கேட்கட்டும் என்று சொல்கிறார். சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சரிதானே என்று தலையாட்டினார்கள். என் நைனாவும் ஆட்டினார்.

அந்தப் பெண்ணின் அம்மா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். கூட்டம் என்று கேள்விப்பட்டுத் தண்ணீரிலிருந்து எழுந்து அப்படியே வந்தவள், ஈரப்புடவை, இடுப்பில் பறி. நான் ஓடிப்போய், உள்ளே வந்து ஒரு வார்த்தை கேள், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று கூப்பிட்டேன். அவள் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"நான் கேட்டுட்டா, நாளைக்கு என்ன தண்ணில எறங்க உடுவாங்களா டீச்சர்?" என்றாள்.

அவளை அங்கேயே விட்டுவிட்டுத் தாழ்வாரத்துக்குத் திரும்பினேன். எங்கள் ஊரை எனக்குத் தெரியும்.

தலைமை ஆசிரியர் பிளேடு எடுத்து, குழந்தைக்கு முள் எடுப்பதுபோல அத்தனை பதமாக, முதல் இரண்டு கதைகளையும் அறுத்து எடுத்தார். எங்கள் ஆண்கள் பெருமையாகப் படகேறினார்கள். அன்று வீட்டில் நைனாவைப் பிடித்துக்கொண்டேன். நீ பங்குள்ள ஆள், நீ எழுந்து கேட்டால் பெரியதனக்காரர் தட்ட முடியாது, ஒரே ஒரு வார்த்தை கேள் நைனா என்று கெஞ்சினேன். அவர் வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

"நமக்குப் பாடு இல்லாத எடத்துல நம்ம வலைய எறக்கக் கூடாதும்மா," என்றார்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடமா என்று கத்தினேன். அவர் நிமிரவில்லை. என்னைத் தோளில் தூக்கிப் படகில் ஏற்றிப் பள்ளிக்கூடம் அனுப்பிய மனிதர் அவர். அன்றைக்கு அவர் கையால் கொடுத்த சோற்றை நான் தொடவில்லை.

இரண்டு கதைகள் போனதும் இருளன் கதை முதல் கதை ஆகிவிட்டது. அட்டையைத் திறந்தால் அதுதான். முன்பாவது டவுன் பிள்ளைகள் எங்களைப் பார்த்துத் தும்முவார்கள், எங்கள் பிள்ளைகள் வேறெதையாவது சொல்லித் திருப்பிக் கொடுப்பார்கள், கேலி நாலு பக்கமும் சிதறும். இப்போது புத்தகத்தில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ஆள். வகுப்பு மொத்தமும் ஒற்றுமையாக அவள் ஒருத்தியைப் பார்த்துத் தவழ்ந்தது. அலமாரியைப் பூட்டும்படி தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். சம்பந்தப்பட்டவர்கள் யாரும் புகார் செய்யவில்லையே என்றார். புத்தகத்தை என் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அரசாங்கச் சொத்து என்று ஆள் அனுப்பித் திரும்ப வாங்கினார்.

அந்தப் பெண் பள்ளிக்கூடம் வருவது குறைந்தது. வந்த நாளிலும் பேச்சில்லை. என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். தண்ணி இப்ப ரொம்ப சில்லுனு கீது டீச்சர் என்று மட்டும் சொன்னாள்.

ஒரு வாசிப்பு வகுப்பில், பெரியதனக்காரர் பேரன் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டுபோய் இளித்துக்கொண்டே அவள் முன்னால் வைத்தான். இன்றைக்கு அவள்தான் படிக்க வேண்டும் என்றான். நான் எழுந்து புத்தகத்தைப் பிடுங்கப் போனேன். அதற்குள் அவளே எடுத்துக்கொண்டாள். படிக்கிறேன் டீச்சர் என்றாள்.

நிமிர்ந்து நின்று படிக்க ஆரம்பித்தாள். "ஓர் ஊரில் ஒரு மீன்பிடிக்கிறவன் இருந்தான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. புத்தகத்தில் இருளன் என்று இருந்த ஒவ்வோர் இடத்திலும் அவள் மீன்பிடிக்கிறவன் என்று படித்தாள். மற்றபடி ஓர் எழுத்தை மாற்றவில்லை. மீன்பிடிக்கிறவன் நாலு காலில் தவழ்ந்தான். மீன்பிடிக்கிறவன் சோறு போட்டவர் வீட்டிலேயே திருடினான். மீன்பிடிக்கிறவன் பல்லில் எலியைக் கவ்விக்கொண்டு ஓடினான். காற்புள்ளிக்கு நின்றாள், முற்றுப்புள்ளிக்கு மூச்சு வாங்கினாள். பையன்கள் முதலில் வாயைப் பிளந்தார்கள், அப்புறம் கத்தினார்கள், ஒருவன் அழவே ஆரம்பித்துவிட்டான். அவள் நிறுத்தவில்லை. "மீன்பிடிக்கிறவனை அரியணையில் உட்கார வைத்தாலும் அவன் எலி வளையைத்தான் தேடுவான்" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தாள். நானும் அவளை நிறுத்தவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் கேட்டதிலேயே நல்ல வாசிப்பு அதுதான்.

அடுத்த நாள் காலையிலேயே பெரியதனக்காரர் ஆட்களோடு வந்துவிட்டார். எங்களைத் திருடன், எலி தின்னி என்று சொல்கிற புத்தகம் ஒரு நிமிஷம்கூட இங்கே இருக்கக் கூடாது என்று குதித்தார். பக்கத்தைத் திறந்து காட்டினேன். இதில் உங்கள் பெயரே இல்லை, முன்பு நீங்கள் தொடமாட்டேன் என்று சொன்ன அதே கதைதான், அதே வரிதான் என்றேன்.

"அவ எங்களத்தான் சொல்லிப் படிச்சா," என்றார்.

"நேத்து ஒரு நாளு கேட்டதுக்கே உங்களுக்கு இப்படி எரியுதே. அவ தெனந்தெனம் இதக் கேட்டுக்கிட்டிருந்தா," என்றேன்.

அவர் கேட்கவேயில்லை. காதில் விழுந்திருக்கும், உள்ளே போகவில்லை. முழுப் புத்தகமும் போக வேண்டும், அந்தப் பெண்ணும் போக வேண்டும் என்று ஒரே பிடி. தலைமை ஆசிரியர், அதிகாரம் இல்லை என்று சொன்ன அதே மனிதர், பத்து நிமிஷத்தில் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் காகிதத்தில் சுற்றி மேலதிகாரிக்கு அனுப்பக் கட்டி வைத்துவிட்டார். அடுத்த பத்து நிமிஷத்தில், ஒழுங்கீனம் என்று சொல்லி அந்தப் பெண்ணுக்கு டி.சி. எழுதினார். நான் மேஜையைத் தட்டினேன், மேலே எழுதிப்போடுவேன் என்றேன், வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன்.

"நீங்க கேட்ட மாதிரி புத்தகத்தை எடுத்தாச்சே டீச்சர். இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?" என்று நிஜமாகவே விளங்காமல் கேட்டார்.

தூ என்று அவர் அறை வாசலிலேயே துப்பிவிட்டு வெளியே வந்தேன். அதற்கும் எனக்கு மெமோ வந்தது. எங்கள் ஊரில் இன்றைக்கும் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். படிக்காத சனம் ஒன்றாக நின்று கெட்ட புத்தகத்தை ஒழித்துக்கட்டியதாம். கோயில் திருவிழா மேடையில்கூட ஒருத்தன் சொன்னான். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை அதில் வராது.

அவளுக்கு ஆரம்பாக்கத்துப் பக்கம் ஒரு சித்தி இருந்தாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் என்னோடு பயிற்சி படித்தவள் டீச்சராக இருந்தாள். ஒரு திங்கட்கிழமை அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு பொன்னேரி போய் ரயில் ஏறினேன். எளாவூர் தாண்டும்வரை அம்மா பறியைக் கையிலேயே வைத்திருந்தாள். அதை ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்டேன். இடம் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பக்கத்துத் தண்ணீரில் இறங்கிப் பார்க்கத்தான் என்றாள். மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இடம் கிடைத்தது. என் சிநேகிதி தொல்லை கொடுக்காமல் பெயரை எழுதிக்கொண்டாள். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வகுப்பு மூலையிலிருந்த அலமாரிப் பக்கம் போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு புத்தகம். கெட்டி அட்டை. அட்டையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மீன்காரி இருந்தாள், அத்தர் வியாபாரி இருந்தார், எலியைக் கவ்விய ஆளும் இருந்தான்.

"இங்க மூணும் அப்படியே கீது டீச்சர்," என்றாள்.

கொடு இங்கே, இப்போதே இதை எடுக்கச் சொல்கிறேன் என்று கை நீட்டினேன். ரத்தம் தலைக்கு ஏறியிருந்தது. அவள் புத்தகத்தைத் தரவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு, வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இங்க யாரூட்டுப் புள்ளைங்க டீச்சர் ஜாஸ்தி?" என்று கேட்டாள்.

விவசாயக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான், எதற்குக் கேட்கிறாய் என்றேன்.

"சும்மா, தெரிஞ்சி வச்சிக்கலாம்னு," என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.